கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வெளிநாடு போகிறவருக்கு எவ்வளவு பவர் போதும்?

கேள்வி கேட்டவர் கொளத்தூரில் வீட்டுப் பழுது வேலை எடுத்துச் செய்பவர். பிளம்பிங், எலக்ட்ரிகல், டைல்ஸ், மொட்டைமாடி ஒழுகல் எல்லாம் பார்ப்பார்கள். கடை அவர் ஒருவர் பெயரில் நடக்கிறது, ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மகள் பிரசவத்துக்காக மனைவியோடு மஸ்கட் போகிறார், திரும்பி வர ஆறு மாதமாகும். அதுவரை மனைவியின் தம்பி கடையைப் பார்த்துக்கொள்வார். “மச்சான் பேருக்கு ஒரு ஜெனரல் பவர் எழுதிக் கொடுத்துட்டா எல்லாம் நடந்துடுமா? ரிஜிஸ்டர் பண்ணணுமா? செக்குல அவர் கையெழுத்துப் போடலாமா? எனக்கு அங்கே உடம்புக்கு ஏதாவது ஆயிட்டா?” என்று கேட்டிருக்கிறார்.

பாரிமுனைப் பக்கம் ஆவணம் எழுதும் தொழிலில் ரொம்ப வருடமாக இருப்பவன் நான். என் பதில் இதுதான்: ஜெனரல் பவர், அதாவது உங்கள் சார்பில் எல்லாக் காரியத்தையும் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கும் பத்திரம், வேண்டாம். தேதி போட்ட, வேலையைக் குறிப்பிட்டுச் சொல்கிற சின்னப் பவர் ஒன்று போதும். பாதிக் காரியங்களுக்கு அதுவும் தேவைப்படாது. நீங்கள் உண்மையில் பயப்படுகிற அந்தக் கடைசிக் கேள்விக்கோ எந்தப் பவரும் உதவாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், பேப்பரே இல்லாமல் நடக்கிற வேலைகள். குழாய் மாற்ற ஆள் அனுப்புவது, ஹார்டுவேர் கடையில் உங்கள் கணக்கில் பைப்பும் பிட்டிங்ஸும் எடுப்பது, வேலை முடிந்து பணம் வாங்கி ரசீது கொடுப்பது இதற்கெல்லாம் பவர் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 187ஆவது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. முதலாளி கல்கத்தாவில் குடியிருக்கிறார், கடை செராம்பூரில். கடையை இன்னொருவர் கவனிக்கிறார், முதலாளி பெயரில் வழக்கமாகச் சரக்கு எடுத்து முதலாளி பணத்திலிருந்தே கொடுக்கிறார், முதலாளிக்கும் அது தெரியும். அப்படியானால் எழுதிக் கொடுக்காவிட்டாலும் அவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்கிறது சட்டம். கல்கத்தாவுக்குப் பதில் மஸ்கட் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கதைதான். ஆனாலும் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைகளுக்கு உங்கள் லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள்: இன்னார் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என் கணக்கில் சரக்கு எடுப்பார், மாதத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் கடன் தர வேண்டாம் என்று. நகலில் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். இங்கேதான் நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ‘பவரெல்லாம் எதுக்கு, நம்ம மச்சான்தானே’ என்று செக் புத்தகம் முழுவதும் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போவார்கள். பவர் எழுதிக் கொடுப்பதைவிடப் பத்து மடங்கு ஆபத்தான காரியம் இது. செக், புரோநோட்டு பற்றிய 1881ஆம் ஆண்டுச் சட்டம், கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளைக் கொடுத்தவர் அதை நிரப்பிக்கொள்ள அனுமதியும் கொடுத்ததாகவே பார்க்கிறது. நிரப்பாத செக்காக இருந்தாலும் கையெழுத்து உங்களுடையது என்றால், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்ற அனுமானம் எழும். இல்லையென்று காட்டும் வேலை கையெழுத்துப் போட்டவருக்கு என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பவரில் வரம்பு எழுதலாம், தேதி எழுதலாம். வெற்றுச் செக்கில் எதை எழுதுவீர்கள்?

என் யோசனை, வரும் பணம் முழுக்க உங்கள் நடப்புக் கணக்குக்கே வரட்டும். கடையில் இருக்கும் கியூஆர் அட்டை அதே கணக்கோடு இணைந்ததாக இருக்கட்டும். பெரிய சரக்குப் பில்களை மஸ்கட்டில் இருந்தே நெட் பேங்கிங்கில் நீங்கள் கட்டிவிடலாம். ஓடிபி வருகிற சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருந்தால் போதும். மச்சானுக்குக் கையில் தேவைப்படுவது சனிக்கிழமைக் கூலியும் சில்லறைச் செலவும்தான். அதை வாரா வாரம் அவர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். இப்படிச் செய்தால் செக்கில் அவர் கையெழுத்துப் போடும் பேச்சே அநேகமாக எழாது. அதற்கு மேலும் வேண்டுமென்றால், பத்திரம் எழுதுவதற்கு முன்னால் பேங்க் கிளைக்குப் போய்க் கேளுங்கள். பல பேங்குகள் தங்கள் படிவத்தில்தான் அதிகாரம் கேட்கும். வெளியே எழுதிய பவரை நீட்டினால் சட்டப் பிரிவுக்கு அனுப்புகிறோம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். கணக்கை இயக்கும் அதிகாரம் வேறு, அதன்மேல் கடன் வாங்கும் அதிகாரம் வேறு. இரண்டும் ஒரே படிவத்தில் இருந்தால் இரண்டாவதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, பவருக்கு வருவோம். பாரிமுனையிலோ சைதாப்பேட்டை கோர்ட் வாசலிலோ போய் ‘ஒரு பவர் வேணும்’ என்று சொன்னால் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஃபைலில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். அந்த ஃபைல் பெரும்பாலும் மனை விற்க எழுதியது. அதில் கிரயம் பேசலாம், அட்வான்ஸ் வாங்கலாம், அடமானம் வைக்கலாம், கட்டட அனுமதிக்குக் கையெழுத்துப் போடலாம், சார்பதிவாளர் முன் ஆஜராகலாம் என்று வரிசையாக இருக்கும். குழாய் ரிப்பேர் கடைக்கு இவ்வளவும் எதற்கு? வேண்டாததோடு நிற்காமல் வம்பும் வருகிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அசையாச் சொத்து சம்பந்தமாக இங்கே எழுதப்படும் பவரைப் பதிவு செய்தே ஆக வேண்டும். தொழிலை மட்டும் நடத்தக் கொடுக்கும் பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, உரிய முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முன் கையெழுத்துப் போட்டால் போதும். ரிஜிஸ்டர் செய்ய வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் விடை: உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடை வாடகைக்கு இருக்கிறது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் அதையும் இதில் நுழைக்காமல் போவதற்கு முன்னாலேயே நீங்களே முடித்துவிடுங்கள்.

எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம். “கொளத்தூரில் நான் நடத்தி வரும் வீட்டுப் பழுதுபார்க்கும் தொழில் சம்பந்தமாக மட்டும், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, ஒரு வேலைக்கு ரூ.1,50,000க்கு மேற்படாமல் கொட்டேஷன் கொடுத்து ஒப்புக்கொள்ளவும், முன்பணத்தையும் பாக்கியையும் எனது நடப்புக் கணக்கின் வழியாக மட்டும் பெற்று ரசீது வழங்கவும், வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கவும், வராத பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்பி வழக்குத் தொடரவும், அதில் சாட்சி சொல்லவும் முகவருக்கு அதிகாரம் தருகிறேன். எனது பெயரில் கடன் வாங்கவோ, ஜாமீன் நிற்கவோ, எனது சொத்துகளை விற்கவோ ஈடு வைக்கவோ, இந்த அதிகாரத்தை மற்றொருவருக்கு மாற்றித் தரவோ அவருக்கு அதிகாரம் இல்லை.” கடைசியில் ‘மற்றும் தேவையான சகல காரியங்களையும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் தப்பில்லை, பெரிய லாபமும் இல்லை. பவர் பத்திரத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகத்தான் படிக்கின்றன. மேலே சொல்லாத புது அதிகாரம் எதுவும் அந்த வரியிலிருந்து முளைக்காது.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றரை லட்சம் வரம்பு உங்களுக்கும் மச்சானுக்கும் தெரியும், அண்ணாநகரில் பாத்ரூம் இடித்துக் கட்டச் சொல்கிற வாடிக்கையாளருக்குத் தெரியாது. மச்சான் நாலு லட்ச ரூபாய் வேலையை ஒப்புக்கொண்டு பாதியில் விட்டால், அவருக்கு அதிகாரம் உண்டு என்று அந்த வாடிக்கையாளர் நம்பும்படி நீங்கள் நடந்திருந்தால், பொறுப்பு உங்கள் தலையில்தான். ஒப்பந்தச் சட்டம் 237ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதனால் கொட்டேஷன் தாளின் அடியிலேயே ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்: ‘ரூ.1,50,000க்கு மேற்பட்ட வேலைகளுக்கு உரிமையாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் தேவை.’ வாட்ஸப்பில் கொட்டேஷன் அனுப்பினாலும் அந்த வரி போய்ச் சேரும். பத்திரத்தில் எழுதுவதைவிட இந்த ஒரு வரி உங்களை அதிகம் காப்பாற்றும்.

கையெழுத்து எப்படிப் போடுவது என்பதையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் கையெழுத்தைப் போலவே போட்டுவிடுவது அதிகாரம் ஆகாது, அது போலிக் கையெழுத்து. மச்சான் தன் கையெழுத்தைப் போட்டு, அதற்குக் கீழே ‘இன்னாருக்காக, அவருடைய பவர் ஏஜெண்ட்’ என்று எழுத வேண்டும். வெறுமனே தன் பெயரில் செக்கோ புரோநோட்டோ எழுதிக் கொடுத்தால் அந்தக் கடன் அவர் சொந்தத் தலையில் வந்து உட்காரும். இதைச் சொன்னால் மச்சானே கவனமாக இருப்பார்.

வாடிக்கையாளர் கொடுத்த செக் திரும்பி வந்தால்? பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அவர் கட்டுவதற்கு 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். ஆறு மாதம் கழித்து நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலம் தவறிவிடும். பவர் ஏஜெண்ட் உங்கள் சார்பில் புகார் கொடுக்கலாம், சாட்சியும் சொல்லலாம்; ஆனால் அந்தக் கொடுக்கல் வாங்கல் அவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரியும் என்பதைப் புகாரிலேயே சொல்லவும் வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் போன பிறகு மச்சான் பேசி முடித்த வேலைக்குப் பிரச்சினை இல்லை. நீங்கள் இருக்கும்போது பேசின பழைய பாக்கிக்கு அவர் சாட்சி சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்வியில் மடக்கிவிடுவார். பழைய பாக்கிகளை விமானம் ஏறுவதற்கு முன்பே வசூலித்துவிடுங்கள், முடியாவிட்டால் இன்ன வேலைக்கு இவ்வளவு பாக்கி என்று வாடிக்கையாளரிடமே எழுதி வாங்குங்கள்.

பவரால் கொடுக்கவே முடியாதது ஒன்று உண்டு, தகுதி. எலக்ட்ரிகல் வேலைக்குத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் வாங்கிய லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தால், அதை வைத்து மச்சான் மின்வாரியத்துக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கொடுக்க முடியாது. லைசென்ஸ் கொடுத்தது உங்கள் தகுதியைப் பார்த்து. லோடு கூட்டுவது, புது மீட்டர் போன்ற வேலைகளை அந்த ஆறு மாதமும் லைசென்ஸ் உள்ள வேறொரு காண்ட்ராக்டரிடம் தள்ளிவிடுங்கள். சாரத்திலிருந்து ஒரு கொத்தனார் விழுந்தால் பொறுப்பும் அதேபோல மாறாது. முதலாளி நீங்கள்தான், மஸ்கட்டில் இருந்தாலும்.

ஜிஎஸ்டிக்குப் பவர் தேவையில்லை. பதிவு செய்திருந்தால் போர்ட்டலிலேயே மச்சானையோ ஆடிட்டர் சொல்லும் ஆளையோ அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்க்கலாம், ஒரு அதிகாரக் கடிதம் போதும். வருமான வரிக் கணக்கை நீங்கள் அங்கிருந்தே ஓடிபி மூலம் சரிபார்த்துவிடலாம்.

இதே தொழிலில் பவர் எதிர்த்திசையிலும் வரும். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் தங்கள் சென்னை வீட்டைப் பழுதுபார்க்கச் சொல்லும்போது, ‘நான் உங்க பேருக்கே பவர் அனுப்பிடறேன், ஈபி, மெட்ரோ வாட்டர், அசோசியேஷன் எல்லாம் நீங்களே பார்த்துக்குங்க’ என்பார்கள். நம்பிக்கை வைத்துச் சொல்கிறார்கள், மறுப்பது சங்கடம்தான். மறுத்துவிடுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்று வர வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அவ்வளவும் செய்து உங்கள் கையில் கிடைப்பது தலைவலி: நாளைக்கு அவர்கள் அண்ணன் தம்பிக்குள் அந்த வீட்டில் தகராறு வந்தால் உங்கள் பெயரும் வழக்கில் ஏறும். ஒழுகுகிற சுவரைச் சரிசெய்ய அசோசியேஷன் செகரட்டரிக்கு வீட்டுக்காரர் அனுப்பும் ஒரு மெயில் போதும். நீங்கள் இல்லாதபோது மச்சான் பெயருக்கு அப்படி யாராவது பவர் அனுப்பினால் வாங்கக் கூடாது என்று அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பவர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அந்த நேரம் பார்த்துத்தான் அது செத்துப்போகும். ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவின்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலும், சித்த சுவாதீனம் இழந்தாலும் முகவர் அதிகாரம் முடிந்துவிடும். சில நாடுகளில் கொடுத்தவர் நினைவிழந்த பிறகும் செல்லுகிற பவர் உண்டு. நம் சட்டம் அதற்கு வழி வைக்கவில்லை. பக்கவாதம் வந்து பேச்சு நினைவு இல்லாமல் கிடந்தால், பவர் வைத்திருக்கும் மச்சான் உங்கள் கணக்கிலிருந்து ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எடுப்பதுகூடச் சட்டப்படி கேள்விக்குரியது. வீட்டார் உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டியிருக்கும். 2024இல் கோமாவில் இருந்த ஒருவருடைய மனைவியைச் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்தது. முகவருக்கு அப்போதும் ஒரு கடமை உண்டு, ஒப்படைத்த காரியங்கள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. இடித்துப் போட்ட பாத்ரூமை அப்படியே விட்டுவிட்டு ஓடக்கூடாது, அந்த அளவுதான்.

அதனால் இந்தப் பயத்துக்கான மருந்தை வேறு இடத்தில் தேட வேண்டும். நடப்புக் கணக்குக்கு நாமினி போட்டாயிற்றா என்று பாருங்கள். குடும்பச் செலவுக்கென்று மனைவியோடு கூட்டாக, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, நாலைந்து மாதச் செலவை அதில் போடுங்கள். ஓர் உயில் எழுதுங்கள். மச்சான் நிரந்தரமாகத் தொழிலில் இருக்கப் போகிறவர் என்றால் கூட்டாண்மையாக மாற்றுவதையும் யோசிக்கலாம். ஆனால் இரண்டே பங்குதாரர் என்றால் ஒருவர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். உங்கள் மனைவியையும் சேர்த்து மூவராக எழுதி, ஒருவர் போனாலும் மற்றவர்கள் தொடரலாம் என்ற ஷரத்தைப் போட்டால்தான் பலன்.

கணக்கு கேட்பது பற்றி ஒரு வார்த்தை. முகவர் கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம். மைத்துனரிடம் அதைக் கேட்பது வீட்டில் வேறு மாதிரி ஒலிக்கும், நடுவில் மாட்டுவது உங்கள் மனைவி. அதனால் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்: ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வரவு செலவையும் பில் படங்களையும் அனுப்ப வேண்டும், அவருக்கு மாதச் சம்பளம் இவ்வளவு என்று. சம்பளம் என்று ஒன்று எழுதியிருந்தால் கணக்குக் கேட்பது சந்தேகமாகத் தெரியாது. சம்பளம் பேசாமல் ‘உறவுதானே’ என்று விட்ட இடங்களில்தான் பெரிய மனஸ்தாபங்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் பவரை முடித்துவைக்க வேண்டும். தேதி முடிந்தால் தானாகச் செல்லாது என்பது சரிதான். ஆனால் வெளியாருக்குத் தெரியாதவரை உங்களைத் தொந்தரவு விடாது. அதே 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில், 208ஆவது பிரிவில், நம் ஊர்க்காரர் ஒருவரே உதாரணமாக வருகிறார். மதராஸில் இருக்கும் ஒருவர் பம்பாய்க் கிடங்கில் உள்ள பஞ்சை விற்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறார், பிறகு வேண்டாம் என்று இன்னொரு கடிதம் எழுதுகிறார். முகவரோ இரண்டாவது கடிதம் கிடைத்த பின்னும் விற்றுப் பணத்தோடு ஓடிவிடுகிறார். வாங்கியவருக்கு இரண்டாவது கடிதம் பற்றித் தெரியாது. அவர் கொடுத்த பணம் கொடுத்ததுதான், நஷ்டம் மதராஸ்காரருக்கு. ஆகவே பத்திரத்தின் அசல், ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப் மூன்றையும் திரும்ப வாங்குங்கள். சரக்குக் கடைகளுக்கும் பேங்குக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் எழுதித் தெரிவியுங்கள். நடுவிலேயே ரத்து செய்ய நேர்ந்தால் மச்சானுக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் கடிதம் போக வேண்டும்.

பத்திரம் எழுதுவதைக் கிளம்பும் வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பேங்க் கேட்கும் திருத்தங்களுக்கு நேரம் வேண்டும், ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். நோட்டரியிடம் இருவரும் அசல் ஆதாரோடு நேரில் போங்கள், அவருடைய பதிவேட்டிலும் கையெழுத்துப் போடுங்கள். நேரில் வராமலே முத்திரை குத்தித் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும். எதையாவது மறந்துவிட்டாலும் பதற வேண்டியதில்லை, அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் மஸ்கட் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு சிறப்புப் பவர் அனுப்பலாம்.